வலையமைப்பு வழித் தானியங்கி நிறுவல் பாதியில் நின்றால்: பழுது கண்டறியும் வழிகாட்டி

மின்பொத்தானை அழுத்தியதும் கணினி தானாகவே வலையமைப்பிலிருந்து லினக்ஸை இறக்கி, கேள்வி எதுவும் கேட்காமல் நிறுவிக்கொள்ள வேண்டும் என்று எல்லா ஏற்பாடும் செய்துவிட்டீர்கள். ஆனால் திரையில் ஒரு வரிப் பிழை தோன்றி நிற்கிறது, அல்லது எதுவுமே தோன்றாமல் கறுப்பாகக் கிடக்கிறது. தேடினால் அந்த ஒரு வரிக்குப் பல தீர்வுகள் கிடைக்கும். உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வேலையில் வெகுநாள் அல்லாடிய பிறகு எனக்குக் கைவந்த வரிசையைக் கீழே தருகிறேன். ரெட் ஹாட், டெபியன், உபுண்டு ஆகிய மூன்று குடும்பங்களுக்கும் இது பொருந்தும். விண்டோஸ் நிறுவலுக்கு முதல் நான்கு படிகள் ஓரளவு உதவும்; அதற்கு மேல் அதன் வழி வேறு.

1. தொடங்கும் முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒவ்வொரு கணினிக்கும் நான்கு விவரங்கள் தேவை: வலையமைப்பு அட்டையின் மேக் முகவரி (அட்டைக்கே உரிய வன்பொருள் அடையாள எண்), கணினி பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறதா புதிய யுஇஎஃப்ஐ முறையிலா, செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) இயக்கத்தில் உள்ளதா, ஸ்விட்ச்சில் எந்தப் போர்ட்டில் செருகப்பட்டுள்ளது. ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தால் எல்லாவற்றின் மேக் முகவரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு லாக் கோப்பைப் படிக்கும்போது, வந்த கோரிக்கை எந்தக் கணினியின் எந்த அட்டையிலிருந்து வந்தது என்பதை இந்தப் பட்டியல்தான் சொல்லும்.

சர்வர் பக்கத்தில், கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) இனிட்ஆர்டியும் (கர்னலோடு ரேமில் ஏறும் தொடக்கக் கோப்புத் தொகுதி) எந்தப் பதிப்பைச் சேர்ந்தவை, எந்த நாளில் இறக்கியவை என்பதையும் எழுதி வையுங்கள். மென்பொருள் அனைத்தும் கட்டணமின்றிக் கிடைப்பவை என்பதால் பணச் செலவு பெரிதாக இராது, செலவாவது நேரம்தான். அதைக் குறைக்க ஒரே வழி, முதலில் ஒரு மெய்நிகர் கணினியில் ஒத்திகை பார்ப்பது. அந்த மெய்நிகர் கணினியும் உங்கள் உண்மைக் கணினிகளைப் போலவே யுஇஎஃப்ஐ முறையில் இயங்க வேண்டும். பயாஸ் முறையில் ஒத்திகை பார்த்துவிட்டு யுஇஎஃப்ஐ கணினியில் வெற்றி கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

2. திரையை விட்டுவிட்டு, சர்வருக்குக் கடைசியாக வந்த கோரிக்கையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வலையமைப்பு வழி நிறுவல் என்பது ஒரே நிரல் செய்து முடிக்கும் வேலையன்று. ஒன்றையொன்று அறியாத பல நிரல்கள் வரிசையாகக் கைமாற்றிக்கொள்ளும் வேலை. முதலில் அட்டையின் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் பதிந்த மென்பொருள்), வலையமைப்பு வழிப் பூட்டுக்கான பிஎக்ஸ்இ தரத்தின்படி, டிஹெச்சிபி (ஐபி முகவரி வழங்கும் நெறிமுறை) வழியாக முகவரி கேட்கிறது. பிறகு டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை) வழியாகப் பூட்லோடரை, அதாவது கர்னலை ஏற்றித் தொடங்கும் சிறு நிரலை, இறக்குகிறது. பூட்லோடர் தன் அமைப்புக் கோப்பையும், பின்னர் கர்னலையும் இனிட்ஆர்டியையும் இறக்குகிறது. கர்னல் எழுந்ததும், ஃபர்ம்வேர் பெற்ற முகவரியைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல், இன்ஸ்டாலர் மறுபடியும் டிஹெச்சிபி கேட்கிறது. அதன் பிறகுதான் ஹெச்டிடிபி வழியாக விடைக் கோப்பும் (இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதிய கோப்பு) மென்பொருள் தொகுப்புகளும் வரும். ஒரு கைமாற்றத்தில் வேலை செய்த அமைப்பு அடுத்ததில் வேலை செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே, பிழைச் செய்தியின் பொருளைத் தேடுவதற்கு முன், எந்தக் கைமாற்றத்தில் சங்கிலி அறுந்தது என்று கண்டுபிடியுங்கள். இதற்கு டிஹெச்சிபி லாக், டிஎஃப்டிபி லாக், ஹெச்டிடிபி சர்வரின் அணுகல் லாக் ஆகிய மூன்றையும் மூன்று சாளரங்களில் ஓடவிட்டுக்கொண்டு கணினியை இயக்குங்கள். பல டிஎஃப்டிபி சர்வர்கள் இயல்பாக எதையும் லாக்கில் எழுதுவதில்லை. விரிவான லாக்கை நீங்கள்தான் இயக்க வேண்டும். லாக்கிலும் தெளிவில்லை என்றால், சர்வரில் டிசிபிடம்ப்பை (வலையமைப்பில் போகும் தரவைக் காட்டும் கருவி) இயக்கி, யுடிபி 67, 68, 69 ஆகிய போர்ட்களையும், புராக்ஸி டிஹெச்சிபி (முகவரி தராமல் பூட் விவரங்களை மட்டும் தரும் சர்வர்) பயன்படுத்தினால் 4011-ஐயும் கவனியுங்கள்.

கடைசிக் கோரிக்கை வந்து அதற்குப் பதிலும் போயிருந்தால், பழுது அந்தப் பதிலின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. கோரிக்கை வந்து பதில் போகவில்லை என்றால் சர்வர் அமைப்பில். கோரிக்கையே வரவில்லை என்றால் இடையிலுள்ள ஸ்விட்ச்சிலோ, அதற்கு முந்தைய கைமாற்றத்திலோ.

ஒரு லாக் வரி புதியவர்களை எப்போதும் திகைக்க வைக்கும். டிஎஃப்டிபி லாக்கில் ஒரே கோப்பு இருமுறை கேட்கப்பட்டிருக்கும். முதல் முறை, பயனர் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டார் என்ற பிழையோடு முடிந்திருக்கும். இது பழுதன்று. ஃபர்ம்வேர் முதலில் கோப்பின் அளவை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு பரிமாற்றத்தை முறித்துவிடும். இரண்டாம் முறைதான் உண்மையாக இறக்கும். இரண்டாம் கோரிக்கையும் முறிந்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

3. முகவரியே கிடைக்காதபோது

பயாஸ் முறையில் பிஎக்ஸ்இ-இ51 என்றும், யுஇஎஃப்ஐ முறையில் பிஎக்ஸ்இ-இ16 என்றும் வருவது டிஹெச்சிபி பதில் எதுவும் வரவில்லை என்பதைக் குறிக்கும். பிஎக்ஸ்இ-இ61 வந்தால் வேறெதையும் யோசிக்காமல் கேபிளை முதலில் பாருங்கள்.

கேபிள் சரியாக இருந்து, டிஹெச்சிபி லாக்கில் கோரிக்கையே வரவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்விட்ச்தான் காரணம். ஸ்பேனிங் ட்ரீ (ஸ்விட்ச்களுக்கிடையே தரவு சுழல்வதைத் தடுக்கும் நெறிமுறை) இயங்கும் பழைய வகை அமைப்பில், இணைப்பு உயிர்பெற்றதும் ஸ்விட்ச் போர்ட் 15 விநாடி கேட்கும் நிலையிலும் 15 விநாடி கற்கும் நிலையிலும் இருந்துவிட்டுத்தான் தரவைக் கடத்தத் தொடங்கும். பிஎக்ஸ்இ தரத்தின்படி ஃபர்ம்வேர் 4, 8, 16, 32 விநாடி இடைவெளிகளில் நான்கு முறை முயல வேண்டும். ஆனால் அவ்வளவு பொறுமையில்லாத ஃபர்ம்வேர்கள் உண்டு. தீர்வு, கணினிகள் செருகப்படும் போர்ட்களை காத்திருக்காமல் உடனே தரவைக் கடத்தும் எட்ஜ் போர்ட்டாக, அதாவது சிஸ்கோ மொழியில் போர்ட்ஃபாஸ்டாக அமைப்பது. இன்ஸ்டாலர் டிரைவரை ஏற்றும்போது இணைப்பு ஒருமுறை அறுந்து மீளும் என்பதால், இதே 30 விநாடிக் காத்திருப்பு மறுபடியும் வரும். ஃபர்ம்வேரில் தப்பித்த கணினி இன்ஸ்டாலரில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அடுத்து விலேன், அதாவது ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனித்தனி மெய்நிகர் வலையமைப்பு. ஃபர்ம்வேர் வழக்கமாக எந்த விலேன் என்று குறியிடாத தரவையே அனுப்பும். எனவே போர்ட்டின் குறியிடா விலேன்தான் நிறுவல் வலையமைப்பாக இருக்க வேண்டும். இரண்டு போர்ட்களை இணைத்து எல்ஏசிபி குழுவாக அமைத்திருந்தால், எல்ஏசிபி பேசத் தெரியாத ஃபர்ம்வேரின் தரவை ஸ்விட்ச் தடுத்துவிடக்கூடும். பதில் வராதபோதும் தனிப் போர்ட்டாக இயங்க அனுமதிக்கும் தெரிவை ஸ்விட்ச்சில் இயக்குங்கள். சர்வர் வேறு சப்நெட்டில் (வலையமைப்பின் வேறொரு பிரிவில்) இருந்தால், இடையிலுள்ள ரூட்டரில் கோரிக்கையைச் சர்வருக்குக் கடத்திவிடும் டிஹெச்சிபி ரிலே வேண்டும்.

முகவரி வந்தும் அது நீங்கள் ஒதுக்கிய வரம்பில் இல்லை என்றால், வலையமைப்பில் இன்னொரு டிஹெச்சிபி சர்வர் ஒளிந்திருக்கிறது என்று பொருள். மெய்நிகராக்க மென்பொருள் தானே ஒன்றை இயக்கிக்கொண்டிருக்கலாம்.

4. முகவரி வந்தது, பூட்லோடர் வரவில்லை

பிஎக்ஸ்இ-இ53 என்றால் டிஹெச்சிபி பதிலில் பூட் கோப்பின் பெயர் இல்லை. பிஎக்ஸ்இ-இ32, பிஎக்ஸ்இ-இ18 என்றால் டிஎஃப்டிபி சர்வரிடமிருந்து பதில் இல்லை. பிஎக்ஸ்இ-டி01, பிஎக்ஸ்இ-இ23 என்றால் சர்வர் பதில் சொல்லியிருக்கிறது, ஆனால் அது பிழைப் பதில். பெரும்பாலும் கோப்பு அங்கே இல்லை அல்லது படிக்க அனுமதி இல்லை.

பதில் இல்லாதபோது ஃபயர்வாலைப் பாருங்கள். யுடிபி 69-ஐத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பது பரவலான பொறி. கோரிக்கை மட்டுமே 69-க்கு வரும். தரவோ சர்வர் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் வேறொரு போர்ட்டிலிருந்து போகும். இடையில் ஃபயர்வால் இருந்தால், டிஎஃப்டிபியைப் புரிந்துகொண்டு அந்தப் போர்ட்டையும் அனுமதிக்கும் உதவிக் கூறு அதில் இயங்க வேண்டும்.

கோப்பு இருந்தும் இல்லை என்று சொல்கிறதா? டிஎஃப்டிபி சர்வர் வழக்கமாகத் தன் மூலக் கோப்புறையையே உச்சியாகக் கொள்ளும். எனவே டிஹெச்சிபியில் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் அது கிடைக்காது, மூலக் கோப்புறைக்குள் இருக்கும் பாதையை மட்டும் கொடுங்கள். எஸ்இலினக்ஸ் (கோப்புகளுக்கு லேபிளிட்டு அணுகலைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பு) இயங்கும் சர்வரில், உங்கள் இல்லக் கோப்புறையிலிருந்து நகர்த்திய கோப்பு பழைய லேபிளையே சுமந்து வரும். அனுமதிகள் சரியாகத் தெரிந்தாலும் டிஎஃப்டிபியால் அதைப் படிக்க முடியாது. லேபிளை மீட்டமைத்தால் தீரும்.

பூட்லோடர் இறங்கிவிட்டு உடனே நின்றால், வகை மாறிப் போயிருக்கலாம். ஃபர்ம்வேர் தன் கட்டமைப்பை டிஹெச்சிபி தெரிவு 93-இல் சொல்கிறது: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யுஇஎஃப்ஐ, 11 என்றால் 64 பிட் ஆர்ம். இந்த எண்ணைப் பார்த்து வெவ்வேறு பூட் கோப்புகளைத் தருமாறு டிஹெச்சிபி சர்வரை அமைக்க வேண்டும். பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற பூட்லோடரைப் பயன்படுத்துபவர்கள் 5-ஆம் பதிப்பிலிருந்து முதன்மைக் கோப்போடு எல்டிலினக்ஸ் என்ற துணைக் கோப்பும் வேண்டும் என்பதையும், இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், முதலில் ஷிம் (கையொப்பம் பெற்ற முதல்நிலைச் சிறு பூட்லோடர்), அடுத்து கிரப் (முதன்மைப் பூட்லோடர்), அடுத்து கர்னல் என்று ஒன்று மற்றொன்றின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். மூன்றையும் ஒரே லினக்ஸ் விநியோகத்திலிருந்து (டெபியன், உபுண்டு போன்ற ஒன்றிலிருந்து) எடுங்கள். ஒரு விநியோகத்தின் ஷிம்மைக் கொண்டு இன்னொன்றின் கர்னலை ஏற்ற முயன்றால், ஷிம் கையொப்பம் தவறு என்றும், முதலில் கர்னலை ஏற்றவும் என்றும் அடுத்தடுத்து இரு பிழைகள் வரும். இரண்டாவது வரியைப் பார்த்துக் கர்னல் பாதையைத் திருத்தப் போகாதீர்கள்; பழுது முதல் வரியில்.

ஐபிஎக்ஸ்இயை (ஹெச்டிடிபி வழியாகவும் இறக்கத் தெரிந்த பூட்லோடர்) ஏற்றி, அது மறுபடி ஐபிஎக்ஸ்இயையே ஏற்றி முடிவில்லாமல் சுற்றினால், டிஹெச்சிபி சர்வர் ஃபர்ம்வேருக்கும் ஐபிஎக்ஸ்இக்கும் ஒரே பதிலைத் தருகிறது. ஐபிஎக்ஸ்இ தன்னைப் பயனர் வகைத் தெரிவு 77-இல் அடையாளம் சொல்லும். அது வந்தால் ஸ்கிரிப்டின் முகவரியையும், வராவிட்டால் ஐபிஎக்ஸ்இ கோப்பையும் தருமாறு நிபந்தனை எழுதுங்கள்.

5. தவறான மெனு வருகிறது

பிஎக்ஸ்இலினக்ஸ் முதலில் கணினியின் யுயுஐடி (கணினிக்கே உரிய நீண்ட அடையாள எண்) கிடைத்தால் அந்தப் பெயரிலும், அடுத்து மேக் முகவரி பெயரிலும் அமைப்புக் கோப்பைத் தேடும். 52:54:00:12:34:56 என்ற முகவரிக்கு 01-52-54-00-12-34-56 என்பதே கோப்பின் பெயர். முன்னால் வரும் 01-ஐ விட்டுவிடுவதும், இடையில் முக்காற்புள்ளி போடுவதும், ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் எழுதுவதும்தான் வழக்கமான தவறுகள். அந்தக் கோப்பு இல்லையென்றால் ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணாக்கித் தேடும். பிறகு கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்து, முடிவில் பொதுக் கோப்புக்குப் போகும். இத்தனை தேடல்களும் டிஎஃப்டிபி லாக்கில் கோப்பு இல்லை என்ற வரிகளாகத் தெரியும். லாக்கில் 01- என்று தொடங்கும் பெயரை அப்படியே நகலெடுத்து உங்கள் கோப்புக்கு வைத்துவிட்டால் தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை.

6. மிக மெதுவாக இறங்குகிறது

டிஎஃப்டிபி ஒரு துண்டை அனுப்பி, அது கிடைத்ததென்ற பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். இயல்பான துண்டின் அளவு 512 பைட். 100 எம்பி இனிட்ஆர்டிக்குச் சுமார் 2 லட்சம் துண்டுகள் வேண்டும். ஒரு போக்குவரத்துக்கு 1 மில்லிவிநாடி என்று கொண்டாலும் 200 விநாடிக்கு மேல் ஆகும். துண்டின் அளவை 1468 பைட்டாக உயர்த்தினால் அது சுமார் 70 விநாடியாகக் குறையும். பூட்லோடரை மட்டும் டிஎஃப்டிபியில் வைத்து, கர்னலையும் இனிட்ஆர்டியையும் ஹெச்டிடிபியில் கொடுப்பது இன்னும் நல்லது. ஐபிஎக்ஸ்இ இதைச் செய்யும். 512 பைட் துண்டுகளோடு கோப்பு 32 எம்பி அருகில் வந்து நின்றால், துண்டு எண்ணுக்கான 16 பிட் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

7. கர்னல் எழுந்தது, வலையமைப்பு இல்லை

இந்த இடத்தில் பலர் டிஹெச்சிபி சர்வரைக் குடையத் தொடங்குவார்கள். அது வேண்டாம், ஃபர்ம்வேருக்கு முகவரி கொடுத்த சர்வர் இன்ஸ்டாலருக்கு மறுக்கக் காரணம் அரிது. மூன்று காரணங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, அட்டைக்கான டிரைவரோ ஃபர்ம்வேர் கோப்போ இனிட்ஆர்டியில் இல்லை. டெபியனின் நெட்பூட் (வலையமைப்பு வழிப் பூட்டுக்கான) இனிட்ஆர்டியோடு ஃபர்ம்வேர் தொகுப்பை நீங்களே இணைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, பல அட்டைகளில் தவறான ஒன்றை இன்ஸ்டாலர் தேர்ந்தெடுத்துவிட்டது. பிஎக்ஸ்இலினக்ஸில் ஐபிஅப்பெண்ட் 2 என்ற வரியைச் சேர்த்தால், எந்த அட்டை வழியாகப் பூட் ஆனதோ அதன் மேக் முகவரி கர்னலுக்குச் சொல்லப்படும். மூன்றாவது, மேலே சொன்ன 30 விநாடிக் காத்திருப்பு.

ரெட் ஹாட் குடும்பத்தில் டிராகட் (இனிட்ஆர்டிக்குள் இயங்கும் தொடக்க நிரல்) டைம்அவுட் வரிகள் திரையை நிரப்பி, ரூட் சாதனம் இல்லை என்று முடியும். டிஸ்க்கில் ஏதோ கோளாறு என்பதுபோல் ஒலித்தாலும், இது பெரும்பாலும் இன்ஸ்டாலரின் இரண்டாம் கட்டப் படிமம் கிடைக்கவில்லை என்பதையே குறிக்கும். ஹெச்டிடிபி லாக்கில் அந்தப் படிமத்துக்கான கோரிக்கை வந்ததா, 404 போனதா என்று பாருங்கள். கோரிக்கை வந்து 200 பதிலும் போன பின் நின்றால், நினைவகம் போதவில்லை. படிமம் முழுவதும் ரேமில் அமர வேண்டும் என்பதால்தான் ரெட் ஹாட் 8 உள்ளூர் ஊடகத்துக்கு 1.5 ஜிபியும் ஹெச்டிடிபி வழிக்கு 3 ஜிபியும் கேட்கிறது. உபுண்டுவில் ஐஎஸ்ஓ கோப்பு முழுவதுமே ரேமுக்குள் இறங்கும். ஒத்திகைக்கான மெய்நிகர் கணினிக்குத் தாராளமாகவே ரேம் கொடுங்கள்.

டெபியனில், கர்னல் கூறுகள் கிடைக்கவில்லை என்று இன்ஸ்டாலர் சொன்னால், உங்கள் நெட்பூட் கோப்புகள் பழையவை. டெபியனின் தொகுப்புகள் கிடைக்கும் களஞ்சியம் புதிய கர்னலுக்குப் போய்விட்டது. நெட்பூட் கோப்புகளைப் புதிதாக இறக்குங்கள். முதல் படியில் இறக்கிய நாளை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஹெச்டிடிபிஎஸ் பயன்படுத்தினால் கணினியின் கடிகாரத்தையும் பாருங்கள். பல ஆண்டு பின்தங்கிய கடிகாரத்துக்கு எந்தச் சான்றிதழும் செல்லாது.

8. விடைக் கோப்பு வந்தும் கேள்வி கேட்கிறது

முதலில் சரிபார்ப்புக் கருவியை ஓட்டுங்கள். ரெட் ஹாட்டின் விடைக் கோப்பு வகையான கிக்ஸ்டார்ட்டுக்கு கேஎஸ்வாலிடேட்டர், டெபியனின் பிரிசீடுக்கு டெப்கான்ஃப் செட் செலக்‌ஷன்ஸின் சரிபார்ப்புத் தெரிவு, உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டாலுக்கு கிளவுட் இனிட்டின் (விடைக் கோப்பைப் பெற்றுத் தரும் நிரல்) ஸ்கீமா கட்டளை. இவை எழுத்திலக்கணத்தை மட்டுமே பார்க்கும், பொருளைப் பார்க்கமாட்டா. விண்டோஸில் திருத்திய கோப்பு என்றால், வரி முடிவுக் குறிகளை யூனிக்ஸ் முறைக்கு மாற்றிவிடுங்கள்.

கிக்ஸ்டார்ட்டில் கடவுச்சொல் $6$ என்று தொடங்கும் ஹாஷாக (கடவுச்சொல்லை மறைத்த குறியீட்டு வடிவம்) இருந்தால், அது ஹாஷ் என்பதைச் சொல்லும் தெரிவையும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் நிறுவல் சுத்தமாக முடியும். ஆனால் அந்த நீளமான ஹாஷே கடவுச்சொல்லாகிவிடும், உள்நுழைய முடியாது.

பிரிசீடில் கேள்வியின் வகைக்கும் விடைக்கும் நடுவே ஓரிடைவெளி மட்டுமே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அது விடையின் பகுதியாகக் கொள்ளப்படும். வரிகளை அழகாக நேர்ப்படுத்த நினைப்பவர்கள் இதில்தான் விழுகிறார்கள். மொழி, விசைப்பலகை போன்ற கேள்விகள் வலையமைப்பு எழுவதற்கு முன்பே கேட்கப்படும் என்பதால், வலையிலிருந்து வரும் கோப்பால் அவற்றுக்கு விடை சொல்ல இயலாது. கர்னல் வரியில் (பூட்லோடர் கர்னலுக்குத் தரும் தெரிவுகளின் வரி) ஆட்டோ தெரிவையும் முன்னுரிமையை கிரிட்டிகல் ஆக்கும் தெரிவையும் கொடுத்தால் அவை தள்ளிப் போகும். கணினிப் பெயரைக் கர்னல் வரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டாலில் பொறிகள் அதிகம். விடைக் கோப்பின் முகவரியைக் கர்னல் வரியில் சொல்லும்போது இடையே ஓர் அரைப்புள்ளி வரும். கிரப்பைப் பொறுத்தவரை அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று பொருள். மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள முகவரி கர்னலைச் சென்றடையாது. ஹெச்டிடிபி லாக்கில் விடைக் கோப்புக்கான கோரிக்கையே இல்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். முகவரியின் கடைசியில் சாய்கோடு இருக்க வேண்டும். அங்கே பயனர் தரவுக் கோப்பும் மெட்டா தரவுக் கோப்பும் இரண்டும் இருக்க வேண்டும். மெட்டா தரவு வெறுமையாக இருக்கலாம், ஆனால் 404 வந்தால் கிளவுட் இனிட் அந்த மூலத்தையே ஒதுக்கிவிடும். கர்னல் வரியில் ஆட்டோஇன்ஸ்டால் என்ற சொல் இல்லாவிட்டால், எல்லாம் சரியாக வந்தாலும் டிஸ்க்கை அழிக்கும் முன் தொடரலாமா என்று கேட்டு நிற்கும். அது பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது. ஒத்திகையின்போது அதை அப்படியே விட்டுவைப்பது நல்லது.

இன்ஸ்டாலர் நின்ற இடத்தில் மேலும் அறிய, டெபியனில் ஆல்ட்டும் எஃப்4-உம் லாக்கைக் காட்டும், ஆல்ட்டும் எஃப்2-உம் கட்டளைக் கோட்டைத் தரும். ரெட் ஹாட்டில் தற்காலிகக் கோப்புறையில் அனகோண்டா, ஸ்டோரேஜ், பேக்கேஜிங் என்று தனித்தனி லாக்குகள் கிடைக்கும்.

9. டிஸ்க் விஷயத்தில் அவசரம் வேண்டாம்

ஒத்திகைக் கணினியில் எஸ்டிஏ என்றிருந்த டிஸ்க், உண்மைக் கணினியில் என்விஎம்இ வகைப் பெயரோடு வரலாம். இரு டிஸ்க்குகள் உள்ள கணினியில் பூட்டுக்குப் பூட் பெயர் இடம் மாறவும் கூடும். பெயரைவிட, டிஸ்க்கின் அடையாள எண்ணோ அது செருகப்பட்ட பாதையோ நம்பகமானது. கிக்ஸ்டார்ட்டில் எல்லாப் பிரிவினைகளையும் அழிக்கும் கட்டளையைப் போடுமுன், எந்த டிஸ்க்கை மட்டும் தொடலாம் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். அது இல்லாவிட்டால் கணினிக்குத் தெரியும் அனைத்து டிஸ்க்குகளும், சேமிப்பக வலையமைப்பிலிருந்து இணைந்திருப்பவையும்கூட, அழிந்துபோகலாம். முடிந்தால் அத்தகைய கேபிள்களை நிறுவல் முடியும்வரை பிடுங்கி வையுங்கள்.

10. நிறுவி முடித்தும் மறுபடி நிறுவத் தொடங்குகிறது

பூட் வரிசையில் வலையமைப்பு முதலிடத்தில் இருந்து, சர்வரும் எப்போதும் நிறுவல் மெனுவையே தந்தால் இந்தச் சுழற்சி நிற்காது. பொதுக் கோப்பு உள்ளூர் டிஸ்க்கிலிருந்து பூட் செய்யச் சொல்லட்டும்; நிறுவ வேண்டிய கணினிக்கு மட்டும் மேக் பெயரில் ஒரு கோப்பை வைத்து, நிறுவல் முடியும்போது விடைக் கோப்பின் இறுதிப் பகுதியிலிருந்து சர்வரைத் தொடர்புகொண்டு அதை நீக்குமாறு அமையுங்கள். ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்து வன்பொருளைக் கட்டுப்படுத்தும் வசதி) உள்ள கணினிகளில், அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் வலையமைப்பு என்று கட்டளையிடுவது இன்னும் எளிது. யுஇஎஃப்ஐ என்றால் அந்தக் கட்டளையில் யுஇஎஃப்ஐ தெரிவையும் சேர்க்க வேண்டும்.

11. பல கணினிகளை ஒன்றாக இயக்கும்போது

ஒரு கணினியில் வெற்றி பெற்றது 50 கணினிகளில் தோற்றால், டிஹெச்சிபி வரம்பு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஃபர்ம்வேரும் இன்ஸ்டாலரும் தங்களை வெவ்வேறு கிளையன்ட் அடையாளங்களோடு அறிமுகப்படுத்திக்கொள்ளலாம். அப்போது ஒரே கணினி இரண்டு முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். கணினிகளின் எண்ணிக்கையைப் போல் மும்மடங்கு முகவரிகளை ஒதுக்கி, ஒரு முகவரியைக் கணினி வைத்துக்கொள்ளும் குத்தகை நேரத்தைக் குறைத்து வைப்பது போதுமானது. நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்: கணினிக்கு 2 ஜிபி வீதம் 50 கணினிகளுக்கு 100 ஜிபி, சர்வரின் 1 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலே ஏறத்தாழ 15 நிமிடம் பிடிக்கும், டிஸ்க்கில் எழுதும் நேரம் அதற்கு மேல். தொகுப்புகளை வெளியிலுள்ள களஞ்சியத்திலிருந்து இறக்காமல், உள்ளே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் விடைக் கோப்புகளை ஹெச்டிடிபி சர்வரிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது நிறுவல் வலையமைப்புக்கு வெளியிலிருந்து யாரும் படிக்க முடியாதபடி அடைத்துவிடுங்கள். கடவுச்சொல்லின் ஹாஷ் அவற்றில்தான் இருக்கிறது.